நீண்ட கால ஐ.டி. பங்குகளை வாங்கும் நேரத்தை விலை வரைபடம் காட்டுமா?

பஞ்சுக் கிடங்கு (கோவை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஒரு நூற்பாலையின் கொள்முதல் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, இவ்வளவு என்று விலை பேசிப் பஞ்சு வாங்குவதே என் அன்றாடப் பணி. வரத்து பெருகும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விலை தணியும் வரை பொறுத்திருந்து வாங்கிப் பழகிய கை இது. அந்தப் பழக்கமே பங்குச் சந்தையில் என்னைக் கெடுத்துவிட்டதோ என்ற ஐயம் வந்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

ஓய்வுக் காலத்துக்கென்று 6 லட்சம் ரூபாயை ஒதுக்கி, அதை இன்ஃபோசிஸ், டி.சி.எஸ். ஆகிய இரு பங்குகளிலும் பாதிப் பாதியாகப் போட்டு, குறைந்தது 15 ஆண்டுகளுக்குத் தொடாமல் வைத்திருப்பதென்று 2024 தொடக்கத்தில் முடிவு செய்தேன். எதை வாங்குவது என்பதில் அன்றும் குழப்பமில்லை, இன்றும் இல்லை. எப்போது வாங்குவது என்பதற்காகத்தான் விலை வரைபடம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். 200 நாள் நகரும் சராசரி (கடந்த 200 வணிக நாள் விலைகளின் சராசரி), ஆர்.எஸ்.ஐ. (அண்மை ஏற்ற இறக்கங்களின் வேகத்தைக் காட்டும் எண்), சப்போர்ட் (இறங்கும் விலையைத் தாங்கும் மட்டம்), ரெசிஸ்டன்ஸ் (ஏறும் விலையைத் தடுக்கும் மட்டம்) என்று இரவு உணவுக்குப் பிறகு காணொளிகளாகப் பார்ப்பதும், பிறகு திரையில் நானே கோடுகள் இழுத்துப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டன. (என் மனைவி இதைக் கோலம் போடுவது என்பார்.)

நடந்தது இதுதான். முடிவெடுத்த நாளில் இன்ஃபோசிஸ் 1,600 ரூபாயை ஒட்டி இருந்தது. 1,400-க்கு வந்தால் வாங்கலாம் என்று குறித்து வைத்தேன். அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் விலை ஏறத்தாழ அங்கேயே வந்தது. ஆனால் வரும்போது 200 நாள் சராசரிக்குக் கீழே இறங்கிவிட்டிருந்ததால், போக்கு உடைந்துவிட்டது, இன்னும் இறங்கும் என்று வரைபடத்தைப் படித்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டேன். டிசம்பரில் அதே பங்கு 2,000 ரூபாயைத் தொட்டது. ஏறிய விலையில் வாங்க மனம் வரவில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்க இறக்குமதி வரி அறிவிப்பால் சந்தை சரிந்தபோது, இதுதான் தருணம் என்று 1,300 ரூபாய்க்கு லிமிட் ஆர்டர் (அந்த விலைக்கு மேல் வாங்காதே என்னும் ஆணை) போட்டேன். விலை 1,300-க்குச் சற்று மேலேயே திரும்பி, அடுத்த மாதமே 1,500-ஐத் தாண்டிப் போய்விட்டது. சில ரூபாய் வித்தியாசத்தில் கைநழுவியதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. 6 லட்சமும் இன்றுவரை சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கிறது.

பதினைந்து ஆண்டு வைத்திருக்கப் போகிறவனுக்கு இந்த வரைபடங்களால் உண்மையிலேயே பயன் உண்டா? 200 நாள் சராசரிக்குக் கீழே இருக்கும் பங்கை மலிவு என்று வாங்க வேண்டுமா, பலவீனம் என்று விலக்க வேண்டுமா? இரண்டையும் ஒரே ஆள் ஒரே காணொளியில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

---

ஓய்வுபெற்ற காசாளர் (மதுரை) எழுதியது:

தம்பி, பஞ்சிலிருந்தே தொடங்குகிறேன். ஆலைக்கு வேண்டிய பஞ்சு ஆண்டுதோறும் புதிதாக விளைகிறது. இந்த ஆண்டு விலை ஏறினால் அடுத்த அறுவடை அதை இறக்கக்கூடும். கிடங்கில் கிடக்கும் பேல் குட்டி போடுவதில்லை என்பதால், அதை மலிவாக வாங்குவது ஒன்றுதான் உங்களுக்குக் கிடைக்கும் லாபம். லாபம் ஈட்டி அதில் ஒரு பகுதியை மீண்டும் தொழிலில் போடும் நிறுவனத்தின் பங்கு அப்படிப்பட்டதன்று. நீங்கள் காத்திருக்கும் காலத்திலும் அது வேலை செய்துகொண்டே இருக்கிறது. அதற்கு அறுவடை மாதம் என்று ஒன்று இல்லை. பஞ்சில் பொறுமை உங்களுக்குக் காசு கொடுத்தது. இங்கே அதே பொறுமைக்கு நீங்கள் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வரைபடத்தை நான் வெறுப்பவன் அல்லன். ஆனால் நீண்ட காலத்துக்கு வாங்குகிறவர்கள் அதைப் பார்க்கும் விதத்தில் இரண்டு பிழைகளைத் தொடர்ந்து காண்கிறேன்.

முதலாவது, திரையில் தெரியும் பழைய விலை அன்று உண்மையில் விற்ற விலையன்று. 2013 ஏப்ரல் 12 அன்று இன்ஃபோசிஸ் தன் ஆண்டு முடிவுகளை வெளியிட்டது. வரும் ஆண்டில் வருவாய் 6 முதல் 10 சதவீதம் வரைதான் வளரும் என்று அது சொன்னது. துறை முழுவதற்கும் 12 முதல் 14 சதவீதம் என்று ஐ.டி. நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் மதிப்பிட்டிருந்த நேரம் அது. ஒரே நாளில் பங்கு 21 சதவீதம் விழுந்தது. அடுத்த வாரத்தில், 2,300 ரூபாயை ஒட்டிய விலையில் நான் 20 பங்குகள் வாங்கினேன். அந்த கான்ட்ராக்ட் நோட் (தரகர் தரும் கொள்முதல் ரசீது) இன்னும் என் பீரோவில் இருக்கிறது. இன்று அதே வாரத்தை வரைபடத்தில் தேடினால் 290 ரூபாய்க்குக் கீழேதான் காட்டும். காரணம், 2014, 2015, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது கையிலுள்ள ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கு இலவசமாக, கொடுத்தார்கள். 20 பங்கு 160 ஆனது. பழைய விலைகளையெல்லாம் எட்டால் வகுத்துத் திரையில் போட்டுவிட்டார்கள். டி.சி.எஸ்.ஸும் இப்படித்தான். 2004-இல் 850 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட பங்கு, 2006, 2009, 2018 போனஸ்களுக்குப் பிறகு வரைபடத்தில் 106 ரூபாய் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. இது தவறன்று, தேவையான திருத்தம்தான். ஆனால் பெரும்பாலான இலவச வரைபடங்கள் போனஸுக்குத் திருத்துமே தவிர டிவிடெண்டுக்கு (பங்குதாரருக்கு ரொக்கமாகத் தரும் லாபப் பங்குக்கு) திருத்துவதில்லை. 2023 ஜனவரியில் டி.சி.எஸ். ஒரே தவணையில் பங்குக்கு 75 ரூபாய் கொடுத்தது. அதில் 67 ரூபாய் சிறப்பு டிவிடெண்ட். இத்தகைய தொகைக்கான தகுதி நாள் கடந்ததும் விலை அந்த அளவுக்கு இறங்குவது இயல்பு. வரைபடம் மட்டும் பார்ப்பவருக்கு அது சப்போர்ட் உடைந்ததுபோல் தெரியும். உண்மையில் பணம் அவருடைய வங்கிக் கணக்கில் வந்து விழுந்திருக்கும்.

இரண்டாவது, அளவுகோல். சாதாரண அளவுகோலில் இருபது ஆண்டு வரைபடத்தைத் திறந்தால், முதல் பத்தாண்டு தரையோடு ஒட்டிய கோடாகவும், கடைசிச் சில ஆண்டுகள் செங்குத்து மலையாகவும் தெரியும். நான் சொன்ன 21 சதவீத வீழ்ச்சி இன்றைய கணக்கில் வெறும் 78 ரூபாய். அந்தப் படத்தில் ஒரு கீறல்கூட இராது. அதே படத்தில் சென்ற மாதம் ஏற்பட்ட 100 ரூபாய் இறக்கம் பேரிடர்போல் நிற்கும். அமைப்புகளில் லாக் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சம சதவீத மாற்றங்கள் சம உயரமாகத் தெரியும். இதைச் செய்யாமல் நீண்ட கால வரைபடத்தில் கோடு இழுப்பவர்கள் உங்கள் மனைவி சொன்ன கோலத்தைத்தான் போடுகிறார்கள்.

இவ்விரண்டையும் சரிசெய்த பிறகும் வரைபடத்தால் சொல்ல முடியாத ஒன்று உண்டு. சத்யம் என்ற ஐ.டி. நிறுவனத்தின் 2009 ஜனவரி 7 அன்றைய வரைபடத்தையும், 2019 அக்டோபர் 22 அன்றைய இன்ஃபோசிஸ் வரைபடத்தையும் பெயரை மறைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் நீண்ட சிவப்பு கேண்டில் (ஒரு நாளின் விலை நகர்வைக் காட்டும் பட்டை). இரண்டிலும் வால்யூம் (கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை) கம்பம்போல் எழுந்து நிற்கும். சத்யம் அன்று சுமார் 78 சதவீதம் விழுந்தது; இன்ஃபோசிஸ் 16 சதவீதம். அளவு வேறு, வடிவம் ஒன்று. ஒன்றில், வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று தலைவரே கடிதம் எழுதியிருந்தார். மற்றதில், பெயர் சொல்லாத ஊழியர்கள் எழுதிய குற்றச்சாட்டுக் கடிதம் வெளிவந்திருந்தது. தணிக்கைக் குழு விசாரித்து, முறைகேட்டுக்கு ஆதாரமில்லை என்று 2020 ஜனவரியில் அறிவித்தது. முதலாவதில் அன்று மலிவு என்று வாங்கியவருக்கும், இரண்டாவதில் அன்று பயந்து விற்றவருக்கும் வரைபடம் ஒரே செய்தியைத்தான் சொன்னது. எது எது என்று அறியக் கடிதத்தையும் ஐந்தொகையையும் படித்தாக வேண்டும்.

ஆகவே நீங்கள் எதை வாங்குவது என்பதை வரைபடம் இல்லாமல் முடிவு செய்தது சரி. எப்போது என்பதை முழுக்க அதன் கையில் கொடுத்ததுதான் பிசகிவிட்டது.

---

வார வரைபடம் (சேலம்) எழுதியது:

காசாளர் ஐயா சொன்ன சத்யம், இன்ஃபோசிஸ் ஒப்பீட்டை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அவருடைய பதிலைப் படிப்பவர்கள், நல்ல நிறுவனமாக இருந்தால் எந்த விலையிலும் எந்த நாளிலும் வாங்கலாம் என்று புரிந்துகொண்டுவிடக் கூடாது என்பதற்காக மறுபக்கத்தையும் எழுதுகிறேன்.

2000 மார்ச் 10 அன்று, தொழில்நுட்பப் பங்குகள் மிகுந்த அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 5,048 புள்ளிகளில் முடிந்தது. 2002 அக்டோபரில் அது 1,114. சத்யம் ஒரே நாளில் இழந்த அதே 78 சதவீதத்தை இழக்க நாஸ்டாக்குக்கு 31 மாதங்கள் பிடித்தன. பழைய உச்சத்தைத் திரும்பத் தாண்டியது 2015 ஏப்ரலில். அந்த உச்சத்தில் அனைவரும் வாங்கிய சிஸ்கோ ஏமாற்று நிறுவனமன்று. இணையத்தின் குழாய்களையும் திருகுகளையும் செய்து விற்ற, உண்மையான லாபம் ஈட்டிய நிறுவனம். அன்றைய ஆண்டு விற்பனை சுமார் 19 பில்லியன் டாலர். பிற்காலத்தில் அது 50 பில்லியனைத் தாண்டியது. ஆனாலும் 2000-இல் தொட்ட 80 டாலர் விலையை அந்தப் பங்கு மீண்டும் காணக் கால் நூற்றாண்டு ஆயிற்று. மைக்ரோசாஃப்ட் 1999 இறுதியில் தொட்ட உச்சத்தை 2016-இல்தான் கடந்தது. இடையில் அதன் விற்பனை மூன்று மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. உச்சத்தில் சிஸ்கோவின் விலை அதன் ஆண்டு லாபத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல் இருந்தது. நீண்ட காலம் வைத்திருப்பேன் என்ற உறுதி அந்த நூறு மடங்கைச் சரிசெய்துவிடவில்லை.

அந்த 31 மாதங்களில் பெரும்பகுதி நாஸ்டாக் தன் 200 நாள் சராசரிக்குக் கீழேயே கிடந்தது. அந்த ஒரு கோட்டை மதித்தவர் வீழ்ச்சியின் பெரும்பங்கைத் தவிர்த்திருப்பார். வரைபடத்தின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதற்குக் கூலி உண்டு. 200 வணிக நாள் என்பது ஏறத்தாழ பத்து மாதம். அவற்றின் சராசரி என்பது, சராசரியாகப் பார்த்தால், ஐந்து மாதத்துக்கு முந்தைய விலை. எப்போதும் தாமதமாகத்தான் அது திரும்பும். 2020 மார்ச்சில் இன்ஃபோசிஸ் 500 ரூபாயை ஒட்டி இறங்கியது. 200 நாள் சராசரிக்கு மேலே வந்த பிறகு வாங்குவேன் என்றிருந்தவருக்கு 700 ரூபாயை ஒட்டித்தான் கதவு திறந்தது. நாஸ்டாக் வீழ்ச்சி போன்ற ஒன்றிலிருந்து காக்கும் காப்பீட்டுக்குக் கட்டிய பிரீமியம் என்று அந்த 200 ரூபாயைக் கொள்ள வேண்டும். பிரீமியம் கட்ட விருப்பமில்லையென்றால் பாலிசியும் கிடையாது.

இனி நண்பர் பஞ்சுக் கிடங்கின் சிக்கலுக்கு வருகிறேன். அவர் வரைபடத்தால் தோற்கவில்லை. ஒன்றோடொன்று மோதும் இரண்டு விதிகளை ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்ததால் தோற்றார். 1,400-க்கு இறங்கினால் வாங்குவேன் என்பது இறக்கத்தில் வாங்கும் விதி. 200 நாள் சராசரிக்குக் கீழே இருந்தால் வாங்க மாட்டேன் என்பது போக்கைப் பின்பற்றும் விதி. 1,600-லிருந்து 1,400-க்கு இறங்கும் பங்கு, வழியில் அந்தச் சராசரியை உடைக்காமல் எப்படி இறங்கும்? முதல் விதி ஆம் என்னும் நாளில் இரண்டாவது விதி இல்லை என்னும். இரண்டாவது ஆம் என்னும் நாளில் விலை ஏறிவிட்டதென்று முதல் விதி தடுக்கும். இரண்டும் சேர்ந்து ஆம் என்று சொல்லும் நாள் நாள்காட்டியிலேயே இருக்காது. ஆர்.எஸ்.ஐ.யும் இதே சச்சரவில் சேரும். வைல்டர் என்ற பொறியாளர் 1978-இல் வகுத்த அந்த அளவை 30-க்குக் கீழே வந்தால் விற்பனை மிகுந்துவிட்டது, 70-க்கு மேலே போனால் வாங்குதல் மிகுந்துவிட்டது என்று படிக்கிறார்கள். வலுவாக ஏறும் பங்கு வாரக்கணக்கில் 70-க்கு மேலேயே உலவும். அதைக் கண்டு ஒதுங்கியவர் நல்ல ஏற்றம் முழுவதையும் வேடிக்கை பார்ப்பார். 14 நாள் விலையிலிருந்து கணக்கிடும் ஒரு எண்ணைக் கொண்டு 15 ஆண்டு முதலீட்டுக்கு நாள் குறிப்பது, கைக்கடிகாரத்தைப் பார்த்து மழைக்காலம் எப்போது என்று சொல்வதைப்போல.

நான் செய்வது: தின வரைபடத்தை மூடிவிட்டேன். வார வரைபடம் மட்டும், லாக் அளவுகோலில், வெள்ளி மாலை ஒருமுறை. அதற்குக் கீழேயே ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைக் கோடாகப் போட்டுக்கொள்கிறேன். லாபக் கோடு ஏற, விலைக் கோடு இரண்டாண்டாகப் படுத்துக் கிடந்தால் ஆர்வத்தோடு பார்ப்பேன். லாபம் அப்படியே நிற்க, விலை மட்டும் இரட்டித்திருந்தால் விலகி நிற்பேன்.

---

சிறுசேரிப் பேருந்து (சென்னை) எழுதியது:

நான் இத்துறையில் வேலை செய்பவன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மேலே இருவரும் தொடாத ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஐ.டி. பங்குகளின் பெரிய பாய்ச்சல்களும் வீழ்ச்சிகளும் பெரும்பாலும் நாள் முழுவதும் நடந்து நிகழ்வதில்லை; காலாண்டு முடிவுகளை ஒட்டி, சந்தை மூடியிருக்கும் நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகின்றன. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் நடுப்பகுதியில் முடிவுகள் வரும். காசாளர் ஐயா சொன்ன 2013 ஏப்ரல் அப்படிப்பட்ட ஒரு நாள். 2023 ஏப்ரலில் வளர்ச்சி 4 முதல் 7 சதவீதம் என்று இன்ஃபோசிஸ் கணித்தபோதும், இடையில் வந்த விடுமுறைகள் கழிந்து 17-ஆம் தேதி சந்தை திறந்ததும் பங்கு நேராகக் கீழேதான் தொடங்கியது. அன்று 9 சதவீதத்துக்கு மேல் இழந்தது. நேற்று மாலைவரை சப்போர்ட் என்று நாம் இழுத்து வைத்த கோட்டில் விலை ஒரு நொடிகூட நிற்கவில்லை. அந்த விலையில் வணிகமே நடக்காதபோது அங்கே வாங்குவது எப்படி, விற்பது எப்படி? அமெரிக்க வாடிக்கையாளர் செலவைக் குறைக்கிறாரா, கூட்டுகிறாரா என்பது அவருடைய பட்ஜெட் கூட்டத்தில் முடிவாகிறது. எங்களுக்கே அது திட்டம் ரத்தான பிறகுதான் தெரியும்.

அதனால், முழுத் தொகையையும் முடிவுகளுக்கு முந்தைய வாரத்தில் கொட்டாதீர்கள் என்பதே நான் சொல்லும் ஒரே நேரக் கணிப்பு. கூடவே, நண்பரின் சம்பளம் நூற்பாலையிலிருந்து வருவது அவருக்கு ஒரு வசதி. என்னைப் போன்றோருக்குச் சம்பளமும் பங்கும் ஒரே கிணற்றிலிருந்து வருவதால், துறை வற்றினால் இரண்டும் சேர்ந்தே வற்றும். நான் இத்துறைப் பங்குகளைக் குறைவாகவே வைத்திருக்கிறேன்.

வரைபடத்தைப் பார்த்து உள்ளே வெளியே ஆடுகிறவர்கள் வரியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 23 முதல், பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். அதற்குப் பிறகு விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு மட்டும் 12.5 சதவீதம். சராசரிக் கோட்டை விலை மேலும் கீழுமாக நான்கு முறை கடக்கும் ஓர் ஆண்டில் இந்த 20 சதவீதம் எவ்வளவு கடிக்கும் என்பதைக் காணொளிகளில் யாரும் சொல்வதில்லை.

---

பஞ்சுக் கிடங்கு மறுமொழி:

மூவருக்கும் நன்றி. இரண்டு விதிகள் மோதுகின்றன என்று சேலம் நண்பர் எழுதியதைப் படித்ததும் என் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். 2024 பிப்ரவரிப் பக்கத்தில் "1,400 வந்தால் கேள்வி கேட்காமல் வாங்கு" என்றும், மே மாதப் பக்கத்தில் "200-க்குக் கீழே, தொடாதே" என்றும் என் கையெழுத்திலேயே இருக்கிறது. நடுவில் இருந்த ஏழெட்டுப் பக்கங்கள் முழுவதும் கோடுகள்.

இன்னும் ஓர் ஐயம். 1,500-க்கு வாங்குவதற்கும் 1,400-க்கு வாங்குவதற்கும் உள்ள நூறு ரூபாய் வித்தியாசம், கொள்முதல்காரனான என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. பஞ்சில் கண்டிக்கு ஏழு சதவீதம் கூடக் கொடுத்து வாங்கினால் மேலாளர் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார். பதினைந்து ஆண்டுக் கணக்கில் இந்த நூறு ரூபாய் என்னவாகிறது என்று யாராவது போட்டுக் காட்ட முடியுமா? தொகையைப் பிரித்துப் போடுவதென்றால் எப்படிப் பிரிப்பது?

---

ஓய்வுபெற்ற காசாளர் (மதுரை) மறுமொழி:

போட்டுப் பார்த்துவிடலாம், தம்பி. இன்று 1,500 ரூபாயாக உள்ள பங்கு ஆண்டுக்கு 12 சதவீதம் கூட்டு வட்டியில் வளர்வதாக, கணக்குக்காக மட்டும், வைத்துக்கொள்வோம். பதினைந்தாம் ஆண்டு முடிவில் அது சுமார் 8,200 ரூபாய். நீங்கள் சாமர்த்தியமாக 1,400-க்கு வாங்கியிருந்தாலும் முடிவில் கையில் இருப்பது அதே 8,200 ரூபாய்ப் பங்குதான். ஆண்டு வளர்ச்சி 12-க்குப் பதிலாக 12.5 ஆகியிருக்கும். அரை சதவீதம். அதை நான் சில்லறை என்று தள்ளவில்லை. ஆனால் அந்த அரை சதவீதத்துக்காக இரண்டு ஆண்டு வெளியே நின்று, அதற்குள் விலை அதே 12 சதவீத வேகத்தில் 1,880 ஆகிவிட்டால், நூறு ரூபாயை மிச்சப்படுத்தப் போய் 380 ரூபாய் கூடக் கொடுத்து வாங்க நேரும். உங்கள் மேலாளர் அதற்கல்லவா கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்? ஐந்தாண்டுக்குள் விற்பவருக்கு அதே நூறு ரூபாய் ஆண்டுக்கு ஒன்றரை சதவீதத்துக்கு மேல் வரும். குறுகிய காலக்காரர்கள் நுழையும் விலையில் அவ்வளவு மும்முரமாக இருப்பதற்கு அதுவே காரணம். அவர்களுக்காகப் போட்ட காணொளிகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

பிரிப்பதற்கு என் யோசனை இது. 6 லட்சத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 50,000 ரூபாய். இரு பங்குகளுக்கும் தலா 25,000. மாதத்தில் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, வரைபடம் என்ன சொன்னாலும் அன்று வாங்கிவிடுங்கள். காத்திருக்கும் தொகையைச் சேமிப்புக் கணக்கில் விடாமல் லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்டில்) வையுங்கள். கோடு பார்க்கும் ஆசை விடாதென்றால் அதற்கும் ஓர் இடம் தருகிறேன். குறித்த தேதியில் விலை 200 நாள் சராசரிக்குப் பத்து சதவீதத்துக்கும் கீழே இருந்தால், அடுத்த மாதத் தவணையையும் சேர்த்து அன்றே போடுங்கள். மேலே இருந்தால் தவணையைக் குறைக்கக் கூடாது. வரைபடம் உங்கள் வாங்குதலை விரைவுபடுத்தலாமே தவிர நிறுத்தக் கூடாது என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். இதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

ஆர்டர் போடும் முறையிலும் ஒரு வார்த்தை. சாதாரண லிமிட் ஆர்டர் அன்றைய சந்தை மூடியதும் காலாவதியாகிவிடும். உருண்டையான எண்களில் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 1,300 என்று உங்களுக்குத் தோன்றிய அதே எண் ஆயிரக்கணக்கானவர்களுக்கும் தோன்றியிருக்கும். அவர்களில் கொஞ்சம் அவசரக்காரர்கள் 1,305, 1,310 என்று முன்னால் நின்றுகொள்வார்கள். நீண்ட காலத்துக்கு வாங்குகிறவர், அன்றைய விற்பனை விலைக்கு ஒரு ரூபாய் மேலே லிமிட் வைத்து வாங்கி முடித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

---

வார வரைபடம் (சேலம்) மறுமொழி:

ஐயாவின் பத்து சதவீத விதியில் ஒரே ஒரு திருத்தம். அப்படி இரட்டைத் தவணை போடும் நாளில், விழுந்ததற்கான காரணத்தை மட்டும் ஒருமுறை படித்துவிட்டுப் போட வேண்டும். சந்தை முழுவதும் விழுந்திருந்தால் தயங்க வேண்டாம். அந்தப் பங்கு மட்டும் தனியே விழுந்திருந்தால், அது கணக்குப் புத்தகம் தொடர்பான செய்தியா, அடுத்த ஆண்டு வளர்ச்சி தொடர்பான செய்தியா என்று பார்க்க வேண்டும். முதலாவதென்றால் விவரம் தெரியும் வரை அந்தப் பங்கின் தவணையை மற்றதில் போடலாம்.

---

பஞ்சுக் கிடங்கு மறுமொழி:

திருத்தத்தோடு எழுதிக்கொண்டேன். ஆலையில் எங்களுக்கு 7-ஆம் தேதி சம்பளம் வரும் என்பதால் ஒவ்வொரு மாதமும் 8-ஆம் தேதி, அன்று விடுமுறையானால் அடுத்த வணிக நாள். முடிவுகள் வரும் மாதங்களில் மட்டும், சிறுசேரி நண்பர் சொன்னதை நினைத்து, 25-ஆம் தேதிக்குத் தள்ளியிருக்கிறேன். கையெழுத்தை நான் மட்டும் போட்டால் மே மாதத்தில் மாற்றி எழுதிவிடுவேன் என்று சொல்லி, என் மனைவி கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.